கடவுள் தொடுத்த வழக்கு

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர்ச் சிவன் கோயிலில் 'வழக்கு வென்ற அம்பலம்' என்று ஒரு மண்டபம் உண்டு. வழக்கில் வென்றவர் அரசரோ பாளையக்காரரோ அல்லர், சிவபெருமான். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை ஒரு கிழவர் வந்து மறித்தார். உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதித் தந்திருக்கிறான், நீ என் ஆள் என்றார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை ஊரில் பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் அவரைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு அழைத்துப் போனார். சபையார் கையெழுத்தை ஒத்துப் பார்த்தார்கள். தீர்ப்பு, கிழவராக வந்த சிவன் பக்கம் போனது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை இது.

இதில் என்னை வியக்க வைப்பது கடவுள் வென்றதல்ல, வழக்காடியது. எல்லாம் வல்லவர் நினைத்திருந்தால் சுந்தரரின் மனத்தை ஒரு நொடியில் திருப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் சபையில் நின்றார், ஓலையைக் காட்டினார், எதிராளி மறுத்துப் பேச இடம் கொடுத்தார். மனிதனுக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் ஓர் இடம் இருக்கிறது என்பதைக் கடவுளே ஒப்புக்கொண்டதுபோல் இருக்கிறது. அந்த இடம் எவ்வளவு பெரியது? எங்கே இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய மூளைகள் உழைத்திருக்கின்றன.

அவர்களை உழைக்க வைத்த கேள்வி நம் ஒவ்வொருவர் வீட்டிலும் கேட்டதுதான். எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷிக்கு ஏன் இந்த நோய்? கடவுள் நல்லவர் என்றால் துன்பத்தை நீக்க விரும்புவார். வல்லவர் என்றால் நீக்க முடியும். பிறகு ஏன் துன்பம் இருக்கிறது? இந்தப் புதிரைக் கிரேக்க ஞானி எபிக்யூரஸ் பெயரில் சொல்வார்கள். 1710இல் ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் இதற்கென்றே ஒரு தடித்த நூல் எழுதினார். இருக்கக்கூடிய உலகங்களிலேயே சிறந்தது இந்த உலகம்தான் என்று வாதாடினார். ஐரோப்பா இதோடு மல்லுக்கட்டியது பலருக்குத் தெரியும். செஞ்சிப் பக்கத்துக்காரர்கள் லைப்னிட்ஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே பேணி வளர்த்த விடைகள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதே பக்கத்து அவலூர்பேட்டையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் அந்த விடைகள் வேர்விட்ட இடங்களில் பலவற்றைப் பார்த்துவிடலாம்.

மிக எளிய விடை ஆசீவகர்கள் என்ற பழைய சமயத்தாருடையது. எல்லாம் நியதி, அதாவது மாற்றவே முடியாத ஒழுங்கு. ஒவ்வோர் உயிரும் 84 லட்சம் மகாகற்பங்கள், அதாவது பேரூழிகள், சுற்றியாக வேண்டும். சுற்றி முடித்தால் விடுதலை. நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் கணக்கு ஒன்றே. தவம் செய்தாலும் குறையாது, கொலை செய்தாலும் கூடாது. நீலகேசி என்ற தமிழ்ச் சமணக் காப்பியத்தில் கதாநாயகி இவர்களோடு வாதிட ஒரு சருக்கமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் மீது போட்ட வரியைத் தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கின்றன. துன்பத்துக்கு யாரையும் பழிக்க வேண்டாம் என்பது இதில் கிடைக்கும் ஆறுதல். அதற்குக் கொடுக்கும் விலை, அறம் என்ற சொல்லுக்கே வேலையில்லாமல் போவது.

அடுத்த விடைக்குச் செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றுக்குப் போக வேண்டும். பெரிய பாறை ஒன்றின் முகத்தில் சமணரின் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்கு 12 பேராக அமர்ந்திருக்கிறார்கள். அங்கே பாறையில் ஒரு சின்னக் கல்வெட்டு, ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழையது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட இடம் என்று அது சொல்கிறது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் முழுதாகப் பட்டினி. ஒரு மனிதர் இதை ஏன் தானாகத் தேர்ந்தார்? சமணம் வினைக்குத் தந்த விளக்கம் தெரிந்தால் அது விளங்கும்.

சமணத்தின் துணிச்சல் முதல் அடியிலேயே தெரிகிறது. உலகைப் படைத்தவர் என்று யாரும் இல்லை என்று அது சொல்லிவிடுகிறது. கூண்டில் ஏற்ற ஆளே இல்லாததால் குற்றச்சாட்டு விழுந்துவிடுகிறது. ஆனால் உடனே ஒரு புதுச் சிக்கல் எழுகிறது. செய்த வினையின் பலனைச் செய்தவனிடமே கொண்டு சேர்ப்பது யார்? சமணர் சொன்ன பதில் அதிசயமானது: யாரும் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை, வினை என்பதே ஒரு பொருள். கண்ணுக்கு எட்டாத நுண்ணணுக்களாக அது எங்கும் நிறைந்திருக்கிறது. நாம் நினைத்தாலும் பேசினாலும் உடம்பை அசைத்தாலும் உயிர் அதிர்கிறது. அந்த அதிர்வில் அணுக்கள் உள்ளே வருகின்றன. இதற்கு ஊற்று என்று பெயர். உள்ளே வந்தவை ஒட்டிக்கொள்வது கட்டு. வரவைத் தடுப்பது செறிப்பு, ஒட்டியதைக் கழற்றுவது உதிர்ப்பு, எல்லாம் கழன்றால் வீடு.

ஒட்டவைக்கும் பசை எது என்ற கேள்விக்கான பதிலில்தான் சுதந்திரம் ஒளிந்திருக்கிறது. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய நான்கும்தான் பசை. இவை இல்லாமல் செய்த செயலில் அணுக்கள் வந்தாலும் தங்காமல் போய்விடும். கை தவறிக் கல் விழுவதும் கறுவிக்கொண்டு கல் எறிவதும் வெளியே ஒரே காயத்தை உண்டாக்கலாம், உள்ளே கட்டும் கட்டு வேறு வேறு.

இதன் பிறகு அவர்கள் போட்ட கணக்கு பிரமிப்பூட்டுவது. வினை எட்டு வகை. அறிவை மறைப்பது ஒன்று, இன்ப துன்பம் ஊட்டுவது ஒன்று, ஆயுளை வகுப்பது ஒன்று, மயக்குவது ஒன்று என்று போகும் எட்டும் பிரிந்து 148 உள்வகைகள் ஆகின்றன. ஒட்டிய ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவுகள் உண்டு: என்ன தன்மை, எவ்வளவு காலம், எவ்வளவு கடுமை, எத்தனை அணு. காலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. இன்ப துன்பம் ஊட்டும் வினை ஒட்டினால் குறைந்தது 12 முகூர்த்தம் நிற்கும். முகூர்த்தம் என்பது 48 நிமிடம், ஆக 9 மணி 36 நிமிடம். கிட்டத்தட்ட ஒரு பகல் வேலைநேரம். மயக்கும் வினை ஒரு முகூர்த்தத்துக்குள்ளும் தீரலாம், மனித எண்ணிக்கைக்கு எட்டாத யுகங்களும் நிற்கலாம்.

இவ்வளவு துல்லியமான கணக்கு என்றால் எல்லாம் எழுதி முடிந்த விதி என்றுதானே தோன்றும்? நான் சமண நூல்களை மெச்சுவது இங்கேதான். ஒட்டிய வினை என்னென்ன ஆகலாம் என்று பத்து நிலைகளைப் பட்டியலிடுகிறார்கள். அதன் காலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றலாம், அடக்கி வைக்கலாம், பழுக்கும் காலத்துக்கு முன்பே பழுக்க வைத்துத் தீர்க்கலாம். அசைக்கவே முடியாதபடி இறுகிய வினை ஒன்றும் உண்டு, அது பத்தில் ஒன்று மட்டும். விதி என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதைப் பிரித்துப் பார்த்து, இதில் இத்தனை பங்கு உன் கையில் இருக்கிறது என்று காட்டிய அறிவு இது. சந்திரநந்தியின் 57 நாளும் இதில் அடங்கும். தவத்தால் வினையை முன்கூட்டிப் பழுக்க வைத்து உதிர்ப்பதும், புது வினை நுழையும் வாசலை அடைப்பதும் ஒருசேர நடக்கிற நோன்பு அது.

இந்த நோன்பு பற்றிய விவாதம் நம் காலத்திலும் மூண்டது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலை என்றது; அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. தன் முடிவைத் தானே தேர்வது எது, உயிரை மாய்த்துக்கொள்வது எது என்ற கோட்டைச் சட்டமும் தேடிக்கொண்டிருக்கிறது. செஞ்சிக்குக் கிழக்கே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் இரவு உணவை முடிக்கும் நயினார் குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. விளக்கு வெளிச்சத்தில் விழும் பூச்சிகூடத் தன்னால் சாகக் கூடாது என்ற செறிப்பு அது.

ஒரே இடத்தில் சமணக் கணக்கு என் மனத்தை உறுத்துகிறது. என்றுமே வீடு அடைய முடியாத உயிர்கள் சில உண்டு, அவற்றின் இயல்பே அப்படி என்று அது சொல்கிறது. அபவ்வியர் என்று அவற்றுக்குப் பெயர். குற்றம் சாட்டக் கடவுள் இல்லைதான். அந்த உயிரின் துயரத்துக்கு அது ஆறுதலாகுமா?

கடவுளை வைத்துக்கொண்டே இந்தப் புதிரை விடுவிக்க முயன்றவர்களில் பிரம்மசூத்திரக்காரர் முக்கியமானவர். இரண்டாம் அத்தியாயம் முதல் பாதத்தின் 34ஆம் சூத்திரம் இதற்கே உரியது. கடவுளுக்குப் பாரபட்சமும் இல்லை, இரக்கமின்மையும் இல்லை, ஏனென்றால் அவர் உயிர்களின் வினையைப் பார்த்தே பலன் தருகிறார் என்பது அதன் கருத்து. முதல் வினை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தொடக்கமே இல்லை என்கிறது அடுத்த சூத்திரம். சங்கரர் இதற்கு உரை எழுதினார். இராமானுசர் உயிரின் முதல் முயற்சியை உயிருக்கே விட்டு, கடவுளை அதற்கு இசைவு தருபவராக வைத்தார்.

இனி மீண்டும் திருவெண்ணெய்நல்லூர். 13ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த மெய்கண்டார் சிவஞானபோதம் எழுதினார். சூத்திரங்கள் 12, அடிகள் 40. ஒரு தாளின் இரு பக்கத்தில் அடங்கிவிடும். சைவ சித்தாந்தம் என்ற பெரிய தத்துவம் முழுதும் அந்த நாற்பது அடிகள் மேல் நிற்கிறது.

சித்தாந்தத்தின் முதல் நகர்வு சதுரங்க ஆட்டக்காரனுடையது போல் எதிர்பாராதது. உயிர்களைக் கடவுள் படைக்கவில்லை. உயிரைப் பிடித்திருக்கும் இருளையும் அவர் படைக்கவில்லை. பதி, பசு, பாசம் என்ற மூன்றுமே, அதாவது கடவுள், உயிர், கட்டு மூன்றுமே, தொடக்கம் இல்லாதவை. அந்த இருளுக்கு ஆணவம் என்று பெயர். செம்பில் களிம்புபோல, செம்பு என்று ஒன்று இருக்கும்போதே கூட இருப்பது. நல்ல கடவுள் ஏன் தீமையைப் படைத்தார் என்ற கேள்வி இத்தோடு எழவே இடமில்லாமல் போகிறது. பதிலுக்குச் சித்தாந்தம் கேட்பது வேறு: இருளில் கிடக்கும் உயிருக்குக் கடவுள் என்ன செய்கிறார்?

அவர் வைத்தியம் செய்கிறார். உலகமே அந்த வைத்தியத்துக்காக எழுந்தது. மாயை என்ற மூலப்பொருளிலிருந்து உடம்பு, கருவிகள், இருக்க இடம், நுகரப் பொருள் ஆகியவற்றை (தனு, கரணம், புவனம், போகம் என்பார்கள்) எடுத்துத் தருகிறார். படைப்பது வேலை கொடுக்க, அழிப்பது உழைத்துக் களைத்த உயிரை இளைப்பாற்ற. இதில் மறைத்தல் என்று ஒரு தொழில் உண்டு. கடவுள் தன்னை மறைத்துக்கொள்கிறார். அவர் கண்ணெதிரே நின்றால் எந்த உயிர் தவறு செய்யும்? தவறு செய்யாத உயிர் எப்படிப் பழுக்கும்? மறைந்திருப்பதும் அருள் என்று இந்தத் தத்துவம் சொல்கிறது. கடவுளைக் காணவில்லையே என்ற நம் புலம்பலுக்கு இப்படி ஒரு விளக்கம் உண்டு என்று முதலில் படித்தபோது அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

விருப்பம், அறிவு, செயல் ஆகிய மூன்று ஆற்றல்களும் உயிருக்குச் சொந்தம். ஆணவம் அவற்றை முற்றிலும் மூடியிருக்கிறது. ஆகவே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் தனித்தனிக் கருவிகள் வேண்டும். கலை என்ற தத்துவம் செயலாற்றலைச் சிறிது திறக்கிறது. வித்தை அறிவைத் திறக்கிறது. அராகம் விருப்பத்தைத் தூண்டுகிறது. காலம் அதற்கு எல்லை வகுக்கிறது. நியதி, அவனவன் வினை அவனவனுக்கே சேரும்படி பார்த்துக்கொள்கிறது. ஆசீவகர் உலகம் முழுவதையும் ஆளவைத்த அதே நியதி இங்கே 36 தத்துவங்களில் ஒன்றாக, வேலை பிரித்துக் கொடுக்கப்பட்ட ஓர் ஊழியனாக நிற்கிறது! சுதந்திரம் உண்டா இல்லையா என்று கேட்பவர்களுக்குச் சித்தாந்தி சொல்லும் பதில், எவ்வளவு திறந்திருக்கிறது என்று கேளுங்கள் என்பதே.

வினையும் மூன்றாகப் பிரிகிறது. சேர்த்து வைத்த மூட்டை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கு எடுத்த பங்கு பிராரத்தம், நாம் ஊழ் என்பது. அதை நுகரும்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். மழை பொய்த்துப் பயிர் கருகுவது ஊழாக இருக்கலாம். அதற்காகப் பக்கத்து வயல்காரனின் மடையை ராத்திரியில் உடைப்பது ஊழல்ல. வந்ததை நுகர்வதற்கும் அதற்கு நாம் ஆற்றும் எதிர்வினைக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் நம் விருப்பம் குடியிருக்கிறது. இன்பத்தில் துள்ளாமலும் துன்பத்தில் சீறாமலும் இரண்டையும் ஒன்றாக ஏற்கும் பக்குவம் வந்தால் புது மூட்டை சேராது. அதற்கு இருவினையொப்பு என்று பெயர்.

அந்த இடுக்கைக் கருவி வைத்து அளக்கப் பார்த்த ஒருவரும் உண்டு. அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் ஒரு சோதனை செய்தார். தோன்றும்போது மணிக்கட்டை மடக்குங்கள், மடக்க எண்ணம் வந்த கணத்தைக் கடிகாரத்தில் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கை அசைவதற்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே மூளையில் ஒரு மின் அலை எழத் தொடங்கியிருந்தது. எண்ணம் தோன்றியதாக ஆட்கள் சொன்னதோ சுமார் 200 மில்லிநொடி முன்பு. நடுவே ஒரு கண்சிமிட்டும் நேரம், மூளை புறப்பட்டுவிட்டது, மனிதனுக்குத் தெரியவில்லை. விருப்பம் என்பதே மாயைதானா? லிபெட் அப்படிச் சொல்லவில்லை. எண்ணம் தெரிந்த பிறகு மிஞ்சும் அந்தச் சிறு நேரத்தில் வேண்டாம் என்று தடுக்க முடியும் என்றார். அந்த மின் அலையின் பொருள் வேறு என்று 2012இல் ஆரோன் ஷர்கரும் தோழர்களும் எழுதினார்கள், விவாதம் ஓயவில்லை. திருநாதர்குன்றில் செறிப்பு என்று சொல்லப்பட்டிருக்கக் கூடியதை லிபெட் தன் வழியில் போய்த் தொட்டார் என்றே நினைக்கிறேன்.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் 14 கொள்கைகளை எடுத்து மறுக்கிறார். சமணமும் ஆசீவகமும் அதில் உண்டு. வினை அறிவில்லாத சடம், அது தானாக ஆள் அறிந்து போய்ச் சேருமா என்பது சைவர் கேள்வி. நஞ்சுக்கு அறிவில்லை, உண்டவனைத்தானே கொல்கிறது என்பது அதற்கு எதிர்க்கட்சியின் பதில். இரண்டு பக்கமும் கெட்டியான வாதம். அருணந்தியைப் பற்றி மரபில் ஒரு கதை வழங்குகிறது. இவர் மெய்கண்டார் குடும்பத்துக்கே குரு, வயதில் மூத்தவர். சிறுவரான மெய்கண்டார் பாடம் சொல்கிறார் என்று கேள்விப்பட்டு வந்து, நின்றபடியே, ஆணவத்தின் நிலை என்ன என்று கேட்டார். மெய்கண்டார் பதில் சொல்லாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். பெரியவர் அக்கணமே காலில் விழுந்தார்.

ஆணவம் அழியுமா? அழியாது என்கிறது சித்தாந்தம். வீடு அடைந்த பிறகும் அது இருக்கும், அதன் வலிமை மட்டும் ஒடுங்கிவிடும். இதைப் படிக்காதவரும் அறிந்திருக்கிறார்கள். அவலூர்பேட்டைச் சித்தகிரி முருகன் கோயிலுக்கு ஏறுகிறவர்களைக் கேளுங்கள், சூரன் என்ன ஆனான் என்று. செத்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மயிலும் சேவலும் ஆனான் என்பார்கள். சூரனை ஆணவம் என்றும் அவன் தம்பியர் சிங்கமுகனையும் தாரகனையும் கன்மம், மாயை என்றும் விளக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. தீமையைக் கொன்றுவிடாமல் வாகனமாக்கி ஏறி அமர்கிற கடவுள் முருகன்.

இந்த அருமையான ஏற்பாடுகளுக்கு ஓர் ஆபத்து உண்டு. தன் துன்பத்தைத் தாங்க உதவும் வினைக் கோட்பாட்டை அடுத்தவன் துன்பத்தின் மீது திருப்பிவிட முடியும். அவன் பிறப்பு அவன் வினை என்று சொல்லித் தீண்டாமைக்கும் கொத்தடிமைக்கும் நியாயம் கற்பித்தவர்கள் இதே மண்ணில் இருந்தார்கள். தத்துவத்தின்படியே அது தப்பு. ஒருவன் ஊழால் அடிபட்டான் என்றே வைத்துக்கொண்டாலும் அடித்தவன் கை அவன் சொந்தக் கை. அவன் சேர்த்தது ஆகாமியம். வள்ளுவர் இதை நன்கு உணர்ந்திருக்க வேண்டும். அறத்துப்பாலைக் கடைசியில் ஊழ் என்ற 38ஆம் அதிகாரத்தால் முடித்து, ஊழைவிட வலியது இல்லை என்ற கருத்தை 380ஆம் குறளில் நிறுத்தினார். 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமை பேசி, சோராமல் உழைப்பவன் ஊழையும் புறங்காண்பான் என்ற கருத்தோடு 620ஆம் குறளை முடித்தார். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நூலில் வைத்தார்.

அவலூர்பேட்டைக்கு மேற்கே திருவண்ணாமலையில் 1898இல் ரமணரைத் தேடி அவர் தாய் அழகம்மாள் வந்தார், வீட்டுக்கு வா என்று அழுதார். பேசாமல் இருந்த இளைஞர் தாளில் எழுதிக் காட்டினார்: அவரவர் பிராரத்தப்படி நடக்கும், நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, ஆகவே மௌனமே நல்லது என்ற கருத்தில். 1928இல் உள்ளது நாற்பதில் அவர் இன்னும் ஒரு படி போனார். விதி வெல்லுமா மதி வெல்லுமா என்ற சண்டை, இரண்டுக்கும் வேரான 'நான்' எது என்று அறியாதவர்க்கே உரியது என்றார்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் சொல்லும் விடை இவை எல்லாவற்றிலும் வித்தியாசமானது. பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளினார். பிரம்மஹத்தி பிடித்தது, கபாலம் கையில் ஒட்டிக்கொண்டு, இட்ட பிச்சையை எல்லாம் தானே தின்றது. வினை கடவுளையும் விடவில்லை. பித்துப் பிடித்து அலைந்தவரை மீட்டது அங்காளம்மன். அவள் சோற்றைத் தரையில் இறைத்தாள், தின்ன ஆசைப்பட்டுக் கபாலம் கையைவிட்டு இறங்கியது, அவள் காலால் மிதித்து அடக்கினாள். இதன் நினைவாக மாசி அமாவாசையை ஒட்டி மயானக் கொள்ளை என்ற திருவிழாவின்போது தானியமும் காய்கறியும் கொழுக்கட்டையும் கொண்டு வந்து மக்கள் மயானத்தில் வாரி இறைக்கிறார்கள். கூட்டம் முண்டியடித்துப் பொறுக்கிக்கொண்டு போய் நிலத்திலும் வீட்டிலும் போடுகிறது.